வளைவோடு வளையும் வண்ணம்: கிரேடியன்ட் பழகுவோருக்கு முழுமையான வழிகாட்டி

எஸ் வடிவில் நெளியும் ஒரு ரிப்பனை வரைந்துவிட்டீர்கள். தொடக்கத்தில் சிவப்பு, முடிவில் மஞ்சள், இடையில் ஒன்று மற்றொன்றாகக் கரைய வேண்டும் என்று ஆசை. கிரேடியன்ட் கருவியை எடுத்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுக்கிறீர்கள். ரிப்பன் நெளிந்தபடி இருக்க, வண்ணம் மட்டும் விறைப்பாக மேலிருந்து கீழே இறங்கி நிற்கிறது. ஏற்கெனவே சாயம் தோய்த்த துணியிலிருந்து ரிப்பனைக் கத்தரித்து எடுத்ததுபோல், வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இது மென்பொருளின் பிழை அல்ல. லீனியர் கிரேடியன்ட்டுக்குத் தெரிந்தவை இரண்டே புள்ளிகள்: சுட்டியை நீங்கள் அழுத்திய இடம், விட்ட இடம். அந்த இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு பிக்சலின் நிறமும் கணக்கிடப்படுகிறது. கோட்டுக்குச் செங்குத்தாக ஒரே வரிசையில் உள்ள பிக்சல்கள் எல்லாம் ஒரே நிறம் பெறும். ரிப்பன் எங்கே திரும்புகிறது என்ற தகவல் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அதை உள்ளே கொண்டுவரப் பல வழிகள் உண்டு. இந்தக் கட்டுரையில் கிம்ப், இங்க்ஸ்கேப் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைக் கொண்டு அவற்றைப் பழகலாம். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஆங்காங்கே குறிப்பு உண்டு.

கருவியைத் தொடும் முன் ஒரு கேள்வி

பெரும்பாலான பாடங்கள் “இந்தக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்” என்றுதான் தொடங்குகின்றன. என் அனுபவத்தில் புதியவர்கள் குழம்புவது அங்கேதான். முதலில் ஒரு தாளில் வடிவத்தைக் கிறுக்கி, நிறம் எந்தத் திசையில் மாற வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள்.

அம்பு வளைவின் நீளவாக்கில் போகலாம். நமது ரிப்பன் அப்படி. வளைவின் குறுக்கே, அகலத்தில் போகலாம், வானவில் அப்படி. அல்லது எல்லா விளிம்புகளிலிருந்தும் உள்நோக்கிப் போகலாம்; பளபளக்கும் தலைப்பெழுத்துகள் அப்படி. மூன்றுக்கும் வெவ்வேறு கருவிகள். நீளவாக்கில் வேண்டியதைக் குறுக்கே போகும் கருவியால் செய்ய முயன்றால் எத்தனை முறை இழுத்தாலும் வராது. அம்பு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தயாரிப்பு

கிம்ப் 2.10 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கட்டும். 2018-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் கிரேடியன்ட்டைப் படத்தின் மேலேயே திருத்த முடிகிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 இருந்தால் இன்னும் நல்லது. இங்க்ஸ்கேப்பில் 1.0-க்கு மேல் எதுவானாலும் சரி.

கிம்ப்பில் 1500-க்கு 1000 பிக்சலில் புதிய படம் திறந்து, அதன் மேல் ஒளிபுகும் புதிய லேயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரேடியன்ட்டை எப்போதும் தனி லேயரில் போடுவது நல்ல பழக்கம். பிடிக்காவிட்டால் லேயரை அழித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். ஜி விசையை அழுத்தினால் கருவி வரும். இழுத்து விட்டபின் அவசரப்பட்டு என்டரைத் தட்டாதீர்கள். அதுவரை கோட்டின் இரு முனைகளையும் நகர்த்தலாம், கோட்டின் மேல் கிளிக் செய்து இடையில் புதிய நிறங்களைச் சேர்க்கலாம், சேர்த்ததைத் தள்ளி வைக்கலாம்.

முதல் பயிற்சி: வானவில்

வட்டத்தின் ஒரு பகுதியாக அமையும் வளைவுகள்தான் மிக எளிது. அவற்றில் நிறம் குறுக்கே மாற வேண்டும் என்றால் ரேடியல் கிரேடியன்ட் போதும். அது மையத்திலிருந்து உள்ள தூரத்தை மட்டும் பார்க்கும் என்பதால், ஒவ்வொரு நிறமும் தானாகவே ஒரு வட்டமாகும்.

கருவியின் அமைப்புகளில் ஷேப் என்ற இடத்தில் ரேடியலைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் அடிவிளிம்பின் நடுவில் அழுத்தி, நேர்மேலே 700 பிக்சல் இழுங்கள். அந்த 700தான் வானவில்லின் வெளி ஆரம். பட்டையின் உள் ஆரம் 500 இருக்கட்டும் என்றால், நிறங்கள் எல்லாம் கோட்டின் கடைசிப் பகுதியில், அதாவது 71 சதவீதத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். அதற்கு உட்பட்ட பகுதியில் ஒளிபுகும் நிறத்தை வைக்கலாம். இந்தக் கணக்கு தலைவலி என்றால் முழு வட்டத்தையும் நிரப்பிவிட்டு, நீள்வட்டத் தேர்வுக் கருவியால் உட்பகுதியைத் தேர்ந்து அழித்துவிடுங்கள். அப்போது நிறங்கள் 500-க்கும் 700-க்கும் இடையில் விழும்படி நெருக்கி வைக்க மறக்க வேண்டாம். கிம்ப்போடு வரும் தயார் கிரேடியன்ட்டுகளில் ‘ரேடியல் ரெயின்போ ஹூப்’ என்று ஒன்று இதற்கென்றே இருக்கிறது. முதல் முயற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இழுத்து முடித்ததும் வட்டத்துக்கு வெளியே படம் முழுக்கச் சிவப்பு பரவியிருந்தால் அதிர வேண்டாம். கடைசி நிறத்தை வெளியே நீட்டிக்கொண்டே போவது கருவியின் இயல்பு. ரிப்பீட் என்ற அமைப்பில் ‘நன் (எக்ஸ்டென்ட்)’ என்பதை ‘ட்ரங்கேட்’ என்று மாற்றினால் கோடு முடிந்த இடத்தோடு நிறமும் முடியும்.

இன்னொன்று: சிவப்பு வெளியே, ஊதா உள்ளே. சுவரொட்டிகளில் இது தலைகீழாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். முதன்மை வானவில்லுக்கு வெளியே சில நேரம் மங்கலாகத் தெரியும் இரண்டாவது வில்லில்தான் வரிசை மாறும்.

வில் நீள்வட்டமாக, சற்றுப் படிந்து இருக்க வேண்டுமா? வட்டமாகவே வரைந்துவிட்டு அந்த லேயரை ஸ்கேல் கருவியால் உயரத்தில் மட்டும் குறுக்குங்கள்.

வட்டத்தைச் சுற்றி ஓடும் நிறம்

அதே வளையத்தில் நிறம் நீளவாக்கில், அதாவது கடிகார முள் போகும் திசையில் மாற வேண்டும் என்றால் கோனிக்கல். மையத்தில் அழுத்தி எந்தப் பக்கம் இழுக்கிறீர்களோ அங்கிருந்து சுற்று தொடங்கும். இதில் சமச்சீரானது, சமச்சீரற்றது என இரு வகை. சமச்சீரற்றதில் முதல் நிறமும் கடைசி நிறமும் முட்டும் இடத்தில் ஒரு வெட்டுக்கோடு தெரியும். இரண்டு முனைக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்தால் கோடு மறையும்.

பட்டைகள், கோடுகள், புள்ளிகள் கலந்த சிக்கலான வடிவமைப்பை வளையமாக்க வேறு வழி: அதை நேரான நீளப் பட்டையாக வரைந்துவிட்டு, ஃபில்டர்ஸ் பட்டியலில் டிஸ்டார்ட்ஸின் கீழ் உள்ள போலார் கோஆர்டினேட்ஸைக் கொடுங்கள். படத்தின் அகலம் சுற்றளவாகவும் உயரம் ஆரமாகவும் மாறும். இங்கும் இடது ஓரமும் வலது ஓரமும் சந்திக்கும் என்பதால் அவை பொருந்த வேண்டும்.

விளிம்பிலிருந்து உள்ளே: தமிழ் எழுத்தில் ஒரு பயிற்சி

நேர்கோடுகள் மிகுந்த ரோமன் எழுத்தைவிட இந்தப் பயிற்சிக்குத் தமிழ் எழுத்து பொருத்தம். அ, ஐ, ழ, ஞ என எதை எடுத்தாலும் வளைவுதான்.

1. தடித்த யூனிகோடு எழுத்துருவில் ‘ழ’ என்று 600 பிக்சல் அளவில் தட்டச்சு செய்யுங்கள்.

2. லேயர் பட்டியலில் டிரான்ஸ்பரன்சியின் கீழ் ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ கொடுங்கள். எழுத்தைச் சுற்றி எறும்பூரும் கோடு வரும்.

3. மேலே ஒரு புதிய லேயர் சேர்த்து, கிரேடியன்ட் கருவியில் ‘ஷேப்டு’ என்று தொடங்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, எங்காவது இழுத்து விடுங்கள்.

இந்த வகைக்கு நீங்கள் எந்தப் பக்கம் இழுத்தீர்கள் என்பது பொருட்டல்ல. ஒவ்வொரு பிக்சலும் தேர்வின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் அது அளக்கும். அதனால்தான் நிறம் எழுத்தின் ஒவ்வொரு சுழியையும் பின்தொடர்கிறது. ஆங்குலர், ஸ்பெரிக்கல், டிம்பிள்ட் ஆகிய மூன்றும் அந்தத் தூரத்தை வேறுவேறு வேகத்தில் நிறமாக மாற்றுகின்றன. ஆங்குலர் சீராக ஏறும்; ஸ்பெரிக்கல் உப்பலான தோற்றம் தரும். மூன்றையும் போட்டுப் பார்த்துக் கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்வதே சுருக்கமான வழி. நிறங்கள் உள்ளும் வெளியுமாக மாறிவிட்டால் ரிவர்ஸ் பொத்தான் இருக்கிறது.

ஒரு சிக்கலை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுக்குள் எந்த இடம் விளிம்பிலிருந்து மிக அதிகத் தூரமோ, அதுதான் கிரேடியன்ட்டின் முடிவாகக் கொள்ளப்படும். எழுத்தின் தடித்த பகுதி முழு நிறமாற்றத்தையும் காட்டும்; மெல்லிய பகுதி பாதி வழியிலேயே நின்றுவிடும். எனவே தடிமன் ஏறி இறங்கும் அலங்கார எழுத்துருக்கள் இங்கே ஏமாற்றும். எங்கும் ஒரே பருமனாக ஓடும் எழுத்துரு நன்றாக வரும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதி: ‘க்’ என்று எழுதி மொத்தமாகத் தேர்ந்தால், புள்ளி சிறியதாக இருக்கும் பட்சத்தில் அது மங்கிக் கிடக்கும். புள்ளியைத் தனியாகத் தேர்ந்து தனியாக நிரப்புங்கள்.

எழுத்தின் நடுவே மடிப்பு விழுந்ததுபோல் ஒரு கூர்மையான கோடு தெரிந்தால், தேர்வைக் கலைக்காமல் லேசாக காஸியன் ப்ளர் கொடுங்கள். மடிப்பு தணியும், விளிம்பு சிதறாது.

ஃபோட்டோஷாப்பில் கிரேடியன்ட் கருவிக்குள் இந்த வகையைத் தேடினால் கிடைக்காது. லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக் என்பதைத் திறந்து, ஃபில் டைப்பை கிரேடியன்ட் ஆக்கினால், ஸ்டைல் பட்டியலில் ‘ஷேப் பர்ஸ்ட்’ என்று ஒளிந்திருக்கும். நியான் விளக்கு எழுத்துகளைச் செய்ய அதைவிட எளிய வழி இல்லை.

ரிப்பனுக்கு வருவோம்

நீளவாக்கில் நிறம் மாறுவதுதான் இருப்பதிலேயே கடினம். கிம்ப்பில் இதற்குக் கிரேடியன்ட் கருவியே வேண்டாம், தூரிகை போதும். தூரிகை ஒரு பாதை வழியே ஓடும்போது, போகப் போகத் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும்படி அமைக்கலாம்.

பி (B) விசையால் பாத் கருவியை எடுத்து, நாலைந்து புள்ளிகளில் எஸ் வளைவை வரையுங்கள். புள்ளிகள் குறைந்தால் வளைவு வழவழப்பாக இருக்கும்; கூட்டினால் முடிச்சு விழும்.

அடுத்து பெயின்ட்பிரஷ். ஓரம் கூர்மையான வட்டத் தூரிகை, ரிப்பனின் அகலத்துக்கேற்ற அளவு, ஸ்பேசிங் மிகக் குறைவாக. ஸ்பேசிங் அதிகமானால் ரிப்பனுக்குப் பதில் வட்டத்தின் மேல் வட்டமாக அடுக்கியது தெரியும்.

பிறகுதான் முக்கியமான இடம். பெயின்ட் டைனமிக்ஸ் சாளரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் வரும். கலர் என்ற வரிசையில் ஃபேட் என்ற நிரலில் மட்டும் டிக் போடுங்கள். மற்றவை எல்லாம் காலியாக இருக்கட்டும். தூரிகை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதற்கேற்ப நிறம் மாற வேண்டும் என்று சொல்லியாயிற்று. கருவி அமைப்புகளுக்குத் திரும்பி, கலர் ஆப்ஷன்ஸில் நீங்கள் விரும்பிய கிரேடியன்ட்டையும், டைனமிக்ஸ் ஆப்ஷன்ஸில் ஃபேட் நீளத்தையும் கொடுங்கள்.

ஃபேட் நீளம் வளைவின் மொத்த நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 300 பிக்சல் ஆரமுள்ள அரைவட்டம் ஏறத்தாழ 942 பிக்சல் நீளம். நமது எஸ் அப்படி இரண்டு அரைவட்டங்களைக் கோத்தது என்றால் சுமார் 1885. கையால் வரைந்த வளைவென்றால் உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள். கடைசி நிறம் சீக்கிரமே வந்து நின்றுவிட்டால் எண் சிறியது. கடைசி நிறம் வரவே இல்லை என்றால் எண் பெரியது. கண்ட்ரோல் + இசட் அடித்து, எண்ணைத் திருத்தி, மறுபடி ஓட்டுங்கள்.

முடிவாக, பாதையைத் தேர்ந்து ‘ஸ்ட்ரோக் பாத்’ கொடுத்து, அதில் ‘பெயின்ட் டூல்’ கொண்டு வரையும் வழியில் பெயின்ட்பிரஷ்ஷைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பில் புறப்பட்டு, இரண்டு திருப்பங்களையும் கடந்து, மஞ்சளில் போய் நிற்கும்.

இல்லஸ்ட்ரேட்டர்காரர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல், ஸ்ட்ரோக்குக்குக் கிரேடியன்ட் கொடுக்கும்போது மூன்று பொத்தான்கள் வரும்: கோட்டுக்குள், கோட்டின் நீளவாக்கில், கோட்டின் குறுக்கே. நடுவிலுள்ளதை அழுத்தினால் முடிந்தது.

இங்க்ஸ்கேப்பில் இரண்டு வளைவுகளுக்கு இடையே

வட்டமாக இல்லாத வளைவில் நிறம் குறுக்கே மாற வேண்டுமென்றால் ரேடியல் உதவாது. இங்க்ஸ்கேப்பில் ஒரு வளைகோடு வரைந்து சிவப்பாக்குங்கள். கண்ட்ரோல் + டி அழுத்திப் பிரதி எடுத்து, 60 பிக்சல் கீழே நகர்த்தி மஞ்சளாக்குங்கள். இரண்டையும் தேர்ந்து, எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் ‘ஜெனரேட் ஃப்ரம் பாத்’ என்பதன் கீழ் உள்ள இன்டர்போலேட்டைத் திறங்கள். படிகள் 40, ஸ்டைலையும் சேர்த்து இடைக்கணிக்கும் கட்டத்தில் டிக். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் 40 கோடுகள், ஒவ்வொன்றும் சற்றே நிறம் மாறி வந்து நிற்கும். 60 பிக்சலில் 41 இடைவெளி என்றால் ஒன்றுக்கு ஒன்றரை பிக்சல். கோட்டின் பருமன் இரண்டோ மூன்றோ இருந்தால் இடுக்கில் வெள்ளை தெரியாது.

பிரதி எடுத்து நகர்த்துவதில் ஒரு வசதியும் ஒரு குறையும் உண்டு. இரண்டு கோடுகளிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் திசையும் ஒன்றாக இருப்பதால் இடைக்கோடுகள் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் வளைவு நகர்த்திய திசையிலேயே செங்குத்தாக ஓடும் இடங்களில் பட்டை மெலிந்துவிடும். பட்டை நிப் பேனாவால் எழுதியதுபோன்ற அந்தத் தோற்றம் எனக்குப் பிடிக்கும். வேண்டாம் என்பவர்கள் நோட் கருவியால் இரண்டாவது கோட்டைத் திருத்திவிட்டு இன்டர்போலேட் கொடுக்கலாம்.

மெஷ்: மல்கோவா மாம்பழம்

காம்பருகே சிவப்பு, வயிற்றில் மஞ்சள், அடியில் பச்சை, தோள்பட்டையில் ஒரு வெளிச்சம். இதற்கு ஒரே ஒரு அம்பு போட முடியாது. இங்கேதான் மெஷ் கிரேடியன்ட் வேண்டும். வடிவத்தின் மேல் ஒரு வலை விரித்து, வலையின் ஒவ்வொரு சந்திப்புக்கும் தனி நிறம் தருவதுதான் அது. வலையின் கோடுகளை வளைத்தால் நிறமும் வளையும். நான்கு வளைந்த ஓரங்களுக்கு நடுவே ஒரு பரப்பைச் சீராக நிரப்பும் இந்தக் கணக்கை வகுத்தவர் எம்ஐடியைச் சேர்ந்த ஸ்டீவன் கூன்ஸ்; 1967-இல் வெளியான அவரது அறிக்கை கணினியில் முப்பரிமாணப் பரப்புகளை வடிவமைப்பது பற்றியது. இல்லஸ்ட்ரேட்டருக்கு மெஷ் 1998-இல் வந்தது. இங்க்ஸ்கேப்புக்கு 2017-இல்தான், 0.92 பதிப்பில்.

மாம்பழத்தின் வெளிக்கோட்டை வரைந்து, மெஷ் கருவியை எடுத்து, மேலே உள்ள பட்டையில் வரிசை 2, நிரல் 2 என்று வைத்து, வடிவத்தின் மேல் இரட்டை கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு சந்திப்பாகத் தேர்ந்து அடியிலுள்ள வண்ணப்பட்டையில் நிறம் கொடுங்கள். பிறகு வெளிக் கைப்பிடிகளை இழுத்து வலையின் ஓரம் பழத்தின் ஓரத்தோடு ஒத்துப்போகும்படி வளையுங்கள். வலை பழத்தின் விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்கட்டும். உள்ளே வந்துவிட்டால் அந்த இடம் நிறமில்லாமல் ஓட்டையாகத் தெரியும்.

புதியவர்கள் ஆர்வத்தில் எடுத்தவுடன் எட்டுக்கு எட்டு என்று வலை விரித்துவிடுகிறார்கள். 81 சந்திப்புகளுக்கு நிறம் கொடுத்து யாரும் மீண்டதில்லை. இரண்டில் தொடங்குங்கள், வெளிச்சப் புள்ளிக்குக் கூடுதல் கோடு வேண்டுமென்றால் வலைக்கோட்டின் மேல் இரட்டை கிளிக் செய்தால் அங்கே பிரியும்.

நடுவில் சாம்பல், ஓரத்தில் படிக்கட்டு

இரண்டு கோளாறுகள் எந்த வழியில் போனாலும் வரும். நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போனால் நடுவில் அழுக்குச் சாம்பல் தெரியும். கணக்கு அப்படி: நீலம் 0, 0, 255, மஞ்சள் 255, 255, 0, சரிபாதியில் மூன்றும் ஏறத்தாழ 128, அதாவது சுத்தமான சாம்பல். நடுவில் நீங்களே ஒரு பச்சையையோ இளஞ்சிவப்பையோ நட்டுவிட்டால் நிறம் அந்த வழியாகச் சுற்றிப் போகும்.

மற்றொன்று பட்டை பட்டையாகத் தெரிவது. எட்டு பிட் படத்தில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். அடர் நீலத்திலிருந்து சற்றே வெளிறிய நீலத்துக்கு 40 படிகளே வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 2000 பிக்சலில் பரப்பினால் ஒவ்வொரு படியும் 50 பிக்சல் அகலப் பட்டையாகும். சுவரளவு அச்சில் அது நன்றாகவே தெரியும். கிம்ப்பில் கிரேடியன்ட் கருவியின் டித்தரிங் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இமேஜ் பட்டியலில் பிரிசிஷனை 16 பிட் ஆக்கி வேலை செய்யுங்கள். அப்போதும் போகாவிட்டால் மிகக் குறைந்த அளவில் நாய்ஸ் தூவுங்கள். கண் பட்டையைப் பிடிக்காது.

சேமிக்கும்போது

கிம்ப் படத்தை எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்தால் லேயர்களும் பாதைகளும் பிழைத்திருக்கும். அனுப்புவதற்கு மட்டும் பிஎன்ஜி. மென்மையான நிறமாற்றத்தை அழுத்தமான ஜேபெக் சதுரம் சதுரமாக உடைத்துவிடும்.

இங்க்ஸ்கேப் மெஷ்ஷில் கூடுதல் கவனம் வேண்டும். மெஷ் எஸ்விஜி தரத்துக்குள் நிலைபெறவில்லை. எனவே எஸ்விஜி கோப்பை அப்படியே இணையதளத்தில் போட்டால் உலாவிகள் மாம்பழத்தைச் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. எக்ஸ்போர்ட் சாளரத்தில் பிஎன்ஜியாக எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் 10 சென்டிமீட்டர் அகலம் வேண்டுமென்றால் 300 டிபிஐ கணக்கில் 1181 பிக்சல் போதும்.